கேள்வி – பதில்: கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவு

பெர்லின் சுவரைப் பற்றி இங்கே வெளிவந்த கட்டுரைக்குப் பிறகு, கிழக்கு ஜெர்மனி வெளிநாடுகளில் எப்படி உளவு பார்த்தது என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஸ்டாசி என்கிறார்கள், எச்.வி.ஏ. என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? (வாசகர், ஈரோடு)

ஸ்டாசி என்பது கிழக்கு ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைச்சகம். அதன் முதல் வேலை சொந்த மக்களைக் கண்காணிப்பது. அதற்குள் வெளிநாட்டு உளவுக்கென்று இருந்த பிரிவுதான் எச்.வி.ஏ. 1989-ல் ஸ்டாசியின் முழுநேர ஊழியர்கள் ஏறத்தாழ 91,000 பேர். அதில் எச்.வி.ஏ.வின் பங்கு நாலாயிரத்துக்கு முன்னும் பின்னும்தான்.

தொடங்கியபோது அது ஸ்டாசிக்குள்ளேயே இல்லை. 1951-ல் 'பொருளாதார ஆய்வு நிறுவனம்' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் தனி அமைப்பாக ஆரம்பித்தார்கள். 1952 டிசம்பரில் அதன் பொறுப்பு மார்க்குஸ் வோல்ஃப் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 29. ஹிட்லர் காலத்தில் குடும்பத்தோடு மாஸ்கோவுக்குத் தப்பிப்போய் அங்கே வளர்ந்தவர். ரஷ்ய மொழி தாய்மொழி போலவே வரும். 1953-ல் அமைப்பு ஸ்டாசிக்குள் பதினைந்தாம் துறையாகச் சேர்க்கப்பட்டது. 1956-ல் எச்.வி.ஏ. என்ற பெயர் வந்தது. 1986 வரை வோல்ஃப்தான் தலைவர். ஓர் உளவுத்துறைக்கு 34 ஆண்டுகள் ஒரே தலைவர் என்பது வேறெங்கும் காண அரிது. இருபது ஆண்டுகள் காத்திருந்து பலன் பார்க்கும் திட்டங்களை அவரால் தீட்ட முடிந்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

மேற்கு ஜெர்மனியின் பிரதமருக்குப் பக்கத்திலேயே ஓர் உளவாளி உட்கார்ந்திருந்தாராமே, அதெப்படி? (வாசகி, தஞ்சாவூர்)

அவர் பெயர் குந்தர் கியோம். 1956-ல் மனைவி கிறிஸ்டலுடன், கிழக்கிலிருந்து தப்பி வந்தவர்போல ஃபிராங்க்ஃபர்ட்டில் குடியேறினார். இருவரும் எச்.வி.ஏ. அனுப்பியவர்கள். அங்கே மாமியார் பெயரில் காபியும் புகையிலையும் விற்கும் ஒரு கடை. கியோம் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து சுவரொட்டி, கூட்டம், சந்தா என்று கீழ்மட்ட வேலைகளை அலுக்காமல் பார்த்தார். முதல் சில ஆண்டுகள் அவரைவிட மனைவிதான் பயனுள்ள இடத்தில் இருந்தார். ஹெஸ்ஸே மாநில அரசின் தலைமை அலுவலகத்தில் செயலாளர் வேலை. கியோம் 1964-ல் ஃபிராங்க்ஃபர்ட் கட்சிக் கிளையின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார், 1968-ல் நகர்மன்ற உறுப்பினரானார். 1969 தேர்தலில் அமைச்சர் கியோர்க் லேபருக்காக ஓடி ஓடி உழைத்தார். அதற்குக் கைம்மாறாக 1970 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில் பிரதமர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1972-ல் பிரதமர் வில்லி பிராண்ட்டின் கட்சி விவகார உதவியாளரானார். கிழக்கிலிருந்து கிளம்பிப் பதினாறு ஆண்டுகள் கழித்து.

வேலையில் சேர்க்கும் முன் பின்னணி விசாரணை நடந்தது. கிழக்கில் அவர் இருந்த காலத்தைப் பற்றிச் சந்தேகக் குறிப்பு ஒன்றும் வந்திருந்தது. கேட்டதற்குத் தடுமாறாமல் பதில் சொன்னார். மேலே தோண்டாமல் விட்டுவிட்டார்கள்.

மாட்டிக்கொண்ட விதம்தான் எச்.வி.ஏ.வுக்குப் பெரிய பாடம். 1950-களில் மேற்கிலிருந்த ஆட்களுக்குச் சிற்றலை வானொலியில் எண்களாகச் செய்தி அனுப்புவார்கள். அந்நாளைய கைக்குறியீட்டு முறையில் மேற்கத்திய வல்லுநர்கள் ஓட்டை கண்டுபிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். தசாப்தத்தின் கடைசியில் எச்.வி.ஏ. முறையை மாற்றிக்கொண்டது, ஆனால் அதுவரை பிடிபட்ட செய்திகள் கோப்பில் இருந்தன. அவற்றில் வாழ்த்துகளும் உண்டு. பிப்ரவரி முதல் தேதி 'கியோர்க்' என்பவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, அக்டோபர் ஆறாம் தேதி இன்னொருவருக்கு வாழ்த்து, 1957 ஏப்ரலில் 'இரண்டாவது ஆண்மகனுக்கு' வாழ்த்து. இவை யாருக்கு என்று பதினைந்து ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 1973-ன் தொடக்கத்தில், வேறு வேறு உளவு வழக்குகளில் கியோம் என்ற பெயர் தலைகாட்டுவதை மேற்கு ஜெர்மனியின் எதிர்உளவுத்துறை அதிகாரி ஒருவர் கவனித்தார். பழைய செய்திகளை எடுத்துத் தேதிகளை ஒப்பிட்டார்கள். கணவனின் பிறந்தநாள், மனைவியின் பிறந்தநாள், மகன் பிறந்த மாதம் மூன்றும் பொருந்தின.

வீட்டைவிட்டு வெகுதூரத்தில் இருப்பவருக்கு மேலிடத்திலிருந்து ஒரு வாழ்த்து என்பது மனிதத்தன்மையுள்ள செயல். ஆனால் மாற்றவே முடியாத அடையாளம் என்று ஒருவருக்கு இருப்பது பிறந்த தேதிதான். அதைக் குறியீட்டுச் செய்திக்குள் வைத்தது தவறு.

1973 மே மாத இறுதியிலேயே பிராண்ட்டுக்குச் சந்தேகம் தெரிவிக்கப்பட்டது. ஆதாரம் சேரும்வரை அவரை இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். அந்தக் கோடையில் பிராண்ட் நார்வேக்கு விடுமுறை போனபோது கியோமும் உடன் போனார். அங்கே பிரதமருக்கு வந்த தொலைஅச்சுச் செய்திகள் அவர் கை வழியாகத்தான் போயின. இது மன்னிக்க முடியாத மெத்தனம். அதற்குப் பின்னும் பல மாதங்கள் பின்தொடர்ந்தும் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆதாரம் கிடைக்கவில்லை. 1974 ஏப்ரல் 24 அதிகாலை வீட்டுக்குக் கைது செய்யப் போனபோது, தான் கிழக்கு ஜெர்மனியின் குடிமகன், அதன் அதிகாரி என்று கியோமே சொல்லிவிட்டார். வழக்கை நிலைநிறுத்தியது அந்த ஒரு வாக்கியம்தான். மே 6-ம் தேதி பிராண்ட் ராஜினாமா கடிதம் எழுதினார். 1975-ல் கியோமுக்கு 13 ஆண்டு, மனைவிக்கு 8 ஆண்டு சிறை. 1981-ல் கைதிகள் பரிமாற்றத்தில் இருவரும் கிழக்கே போனார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1972 ஏப்ரல் 27-ம் தேதி பிராண்ட் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. எதிர்த்தரப்புக்கு 249 வாக்கு தேவை. 247 மட்டுமே விழுந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் யூலியுஸ் ஷ்டைனருக்கு 50,000 மார்க் கொடுத்து வாக்கை வாங்கியது எச்.வி.ஏ.தான். கிழக்கோடு உறவை விரும்பிய பிராண்ட் பதவியில் நீடிப்பதுதான் அவர்களுக்கு லாபம். அப்படிக் காப்பாற்றிய மனிதரையே இரண்டே ஆண்டுகளில் அவர்களுடைய ஆளே வீழ்த்தும்படி ஆயிற்று. வோல்ஃப் பிற்காலத்தில் இதைத் தங்கள் தோல்வியாகவே சொன்னார். கியோம் கொடுத்த அறிக்கைகளும் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலானவற்றுக்கு எச்.வி.ஏ.வின் சொந்த மதிப்பீட்டிலேயே நடுத்தர மதிப்பெண்தான்.

வானொலியில் எண்களை வாசிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அதிலிருந்து செய்தியை எப்படி எடுப்பார்கள்? (பொறியியல் மாணவர், கோவை)

1950-களின் பழைய முறையைக் கைவிட்ட பிறகு வந்ததை விளக்குகிறோம். காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

முதல் படி, எழுத்தை எண்ணாக்குவது. ஸ்டாசியும் கிழக்கு ஜெர்மன் ராணுவமும் 'டாபிர்' என்ற அட்டவணையை வைத்திருந்தன. ஜெர்மன் மொழியில் அடிக்கடி வரும் எழுத்துகளில் ஐந்துக்கு ஒற்றை இலக்கம்: ஏ – 0, இ – 1, ஐ – 2, என் – 3, ஆர் – 4. மற்ற எழுத்துகளுக்கு ஐந்திலும் அதற்கு மேலும் தொடங்கும் இரட்டை இலக்கம். அடிக்கடி வருவதற்குச் சிறிய எண் என்பதால் செய்தியின் நீளம் குறையும். 'ஐரீன்' என்ற பெயரை ஜெர்மானிய எழுத்துப்படி ஐ-ஆர்-இ-என்-இ என்று எடுத்துக்கொண்டால் 24131.

இதோடு விட்டால் பள்ளிப் பிள்ளைகூட உடைத்துவிடும். இரண்டாவது படிதான் உயிர். அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் மட்டும் ஒரே மாதிரியான சாவித்தாள் இருக்கும்; அதில் எந்த ஒழுங்கும் இல்லாத ஐந்திலக்கத் தொகுதிகள். அதில் அடுத்து வரும் தொகுதி 90578 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இலக்கமாகக் கூட்ட வேண்டும், மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 2-ம் 9-ம் 11, அதில் 1 மட்டும். 4-ம் 0-ம் 4. 1-ம் 5-ம் 6. 3-ம் 7-ம் 10, அதில் 0 மட்டும். 1-ம் 8-ம் 9. ஆக 14609. வானொலியில் வாசிக்கப்படுவது இதுதான். கேட்பவர் அதே சாவியைக் கடன் வாங்காமல் கழித்தால் 24131 திரும்ப வரும்.

பயன்படுத்திய தாளை உடனே எரித்துவிட வேண்டும். ஒரே தாளை இரண்டு செய்திக்குப் பயன்படுத்தினால் எதிரி ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிப்பான். சாவி இரண்டிலும் ஒன்றே என்பதால் அது மறைந்துபோய் இரண்டு செய்திகளின் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அதிலிருந்து சொற்களை ஊகித்துப் பிடிப்பது பயிற்சியுள்ளவருக்குக் கடினமில்லை.

காதால் கேட்டு எழுதுவதில் இரண்டு வகைப் பிழை வரும். ஓர் இலக்கம் தவறினால் ஓரிரு எழுத்து மட்டும் கெடும், மீதி புரியும். ஒரு முழுத் தொகுதியே விட்டுப்போனால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தவறான சாவியோடு கழிபட்டுக் குப்பையாகிவிடும். அதனால்தான் முதலிலேயே யாருக்கு என்ற எண்ணையும் மொத்தம் எத்தனை தொகுதிகள் என்பதையும் சொல்வார்கள். எழுதி முடித்ததும் எண்ணிப் பார்த்து, குறைந்தால் மறு ஒலிபரப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் சாதாரணச் சிற்றலைப் பெட்டியே போதும் என்பது இந்த முறையின் பெரிய வசதி. கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆனால் இது ஒருவழிப் பாதை. பதில் அனுப்பத்தான் சிரமம்: கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போலி முகவரிக்குக் கடிதம், பூங்காவிலோ சுவர் இடுக்கிலோ பொருளை வைத்துவிட்டுப் போகும் மறைவிடம், ரயிலில் வரும் தூதர். கைதுகள் பெரும்பாலும் இந்தத் திரும்பும் பாதையில்தான் நடந்தன. வீட்டைச் சோதனை போட்டவர்களும் வானொலியைத் தேடவில்லை. சாவித்தாளையும் ஒலிபரப்பு நேர அட்டவணையையும்தான் தேடினார்கள்.

பெண் செயலாளர்களைக் காதல் வலையில் வீழ்த்தினார்கள் என்பது உண்மையா, மிகைப்படுத்தலா? (வாசகி, திருநெல்வேலி)

உண்மை. பான் சிறிய ஊர். திடீரென்று தலைநகரான இடம். அமைச்சகங்களில் வேலை பார்க்க வெளியூர்களிலிருந்து வந்து தனியாகத் தங்கியிருந்த பெண்கள் ஏராளம். தட்டச்சில் ஏறும் ஒவ்வொரு கடிதமும், அதன் கார்பன் நகல்களும் இவர்கள் கையில்தான் பிறக்கும். ஓர் அமைச்சருக்குத் தன் துறைக் கோப்பு மட்டும் தெரியும். அவருடைய செயலாளருக்குக் கோப்பு எந்தப் பெட்டியில், யார் எப்போது பார்த்தார், பக்கத்து அறையில் என்ன பேச்சு என்பதெல்லாம் தெரியும். எச்.வி.ஏ. இதைத் தெளிவாகக் கணக்கிட்டிருந்தது.

அனுப்பப்பட்டவர் கிழக்கு ஜெர்மானியர் என்று சொல்லிக்கொள்வது அபூர்வம். வேறொரு மேற்கு நாட்டின் நிறுவனத்துக்கு, அல்லது உலக அமைதிக்காக உழைக்கும் குழுவுக்குத் தகவல் தேவை என்பார். மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் இருந்த ஒரு பெண்ணிடம் டென்மார்க் நாட்டவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பழகினார். கத்தோலிக்கரான அந்தப் பெண், பாவமன்னிப்புக் கேட்காமல் இதைத் தொடர மாட்டேன் என்றபோது, ஒரு போலிப் பாதிரியாரையே ஏற்பாடு செய்து கேட்கவைத்தார்கள். வோல்ஃப் இதைத் தானே பதிவு செய்திருக்கிறார்.

வேறு வகை ஈடுபாடும் உண்டு. கேப்ரியேலே காஸ்ட், 1968-ல் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கிழக்கு ஜெர்மனிக்குப் போனபோது அங்கே ஒருவரோடு உறவு ஏற்பட்டது. 1973-ல் மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத்துறையான பி.என்.டி.யிலேயே வேலைக்குச் சேர்ந்தார். சோவியத் விவகாரங்களை ஆராயும் மூத்த அதிகாரியாக உயர்ந்தார்; பிரதமர் மேசைக்குப் போகும் அறிக்கைகளைத் தயாரிப்பவர்களில் ஒருவர். அவர் ஒருபோதும் பணத்துக்காகச் செய்யவில்லை. 1990 செப்டம்பர் கடைசியில், ஜெர்மனி ஒன்றாவதற்குச் சில நாட்களே இருந்தபோது கைதானார், எச்.வி.ஏ.விலேயே மூத்த அதிகாரியாக இருந்த ஒருவர் காட்டிக்கொடுத்தார். 6 ஆண்டு 9 மாதம் தண்டனை.

இந்தப் பெண்களைப் பத்திரிகைகள் ஏமாளிகளாகச் சித்திரித்தது அநியாயம். பல ஆண்டுகள் உண்மை என்று நம்பி வாழ்ந்த உறவு ஓர் அலுவலகக் கோப்பில் 'பணி' என்று எழுதப்பட்டிருந்ததை நீதிமன்றத்தில்தான் பலர் கேட்டார்கள். அதைத் திட்டமிட்டு நடத்தியவர்கள் மீதுதான் நம் கோபம் திரும்ப வேண்டும்.

போலிப் பெயரில் குடியேறியவர்களை மேற்கு ஜெர்மனி கண்டுபிடித்தது எப்படி? (வாசகர், யாழ்ப்பாணம்)

ஜெர்மனியில் வீடு மாறினால் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். எச்.வி.ஏ. உண்மையில் இருக்கும் ஒருவரின் பெயரையும் பிறப்பு விவரத்தையும் எடுத்துத் தன் ஆளுக்குக் கொடுக்கும். வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஜெர்மானியரோ, கிழக்குக்கு வந்துவிட்டவரோ என்றால் வசதி; அசல் ஆள் எதிரே வந்து நிற்க மாட்டார். காகிதங்களில் பிழை இருக்காது.

அதனால் எதிர்உளவுத்துறை தனிக் காகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மொத்தப் பதிவுகளின் போக்கைப் பார்த்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பியதாகப் பதிவு, தனி ஆள், குறிப்பிட்ட வயது வரம்பு, வந்த புதிதில் அடிக்கடி முகவரி மாற்றம், உள்ளூரில் உறவினர் யாருமில்லை. இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். 'பதிவு நடவடிக்கை' என்று பெயரிட்ட இந்தத் தேடலில் 1976-ல் பலர் சிக்கினார்கள். இன்னும் பலரை எச்.வி.ஏ. அவசரமாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கச்சிதமாகத் தயாரித்திருந்தார்கள். எல்லோரையும் ஒரே முறையில் தயாரித்ததுதான் காட்டிக்கொடுத்தது.

வோல்ஃபின் முகமே மேற்கு நாடுகளுக்குத் தெரியாது என்பார்களே? (வாசகர், மதுரை)

1970-களின் கடைசிவரை அவருடைய அண்மைக்காலப் படம் அவர்களிடம் இல்லை. 1978-ல் ஸ்டாக்ஹோமில் சுவீடன் பாதுகாப்புத் துறை ஒருவரைப் படமெடுத்தது, யாரென்று தெரியாமலே. 1979 ஜனவரி 18 இரவு எச்.வி.ஏ.வின் அறிவியல் பிரிவில் இருந்த வெர்னர் ஷ்டில்லர் என்ற இளம் அதிகாரி, அலுவலகப் பெட்டகத்திலிருந்து ஆவணங்களோடு எல்லையைக் கடப்பதற்கான அனுமதித் தாளையும் எடுத்துக்கொண்டு மேற்கு பெர்லினுக்குத் தப்பினார்.

அவர் தேர்ந்தெடுத்த வழி ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராஸே ரயில் நிலையம். நிலையம் கிழக்கில் இருந்தது. ஆனால் மேற்கு பெர்லின் ரயில்களும் அங்கே நின்று போகும். நடுவே சுவர் எழுப்பி இரண்டு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ஸ்டாசி தன் ஆட்களை மேற்கே அனுப்பவும் வரவழைக்கவும் அதில் தனிக் கதவு வைத்திருந்தது. அந்தக் கதவு வழியாகவே ஷ்டில்லர் போய்விட்டார். ஸ்டாக்ஹோம் படத்தைக் காட்டியதும் இவர்தான் வோல்ஃப் என்றார். மார்ச் மாதம் அந்த முகம் மேற்கு ஜெர்மன் வார இதழின் அட்டையில் வந்தது. அடுத்த சில வாரங்களில் நேட்டோ தலைமையகச் செயலாளர் உர்சல் லொரன்ஸன் உட்படப் பலர் மேற்கிலிருந்து காணாமல் போய்க் கிழக்கில் தோன்றினார்கள்.

தொழில்நுட்ப ரகசியங்களைத் திருடியும் கிழக்கு ஜெர்மனி ஏன் முன்னேறவில்லை? (வாசகர், ஓசூர்)

மேற்கு நாடுகள் கணினி, மின்னணுப் பொருட்களைக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு விற்கத் தடை போட்டிருந்தன. எச்.வி.ஏ.வின் அறிவியல்-தொழில்நுட்பப் பிரிவு அந்தத் தடையைச் சுற்றி வந்து வரைபடங்களையும் மாதிரிகளையும் கொண்டுவந்தது. சைலாக் நிறுவனத்தின் இசட்-80 சில்லு கிழக்கில் யு-880 ஆனது, ஐ.பி.எம். பெருங்கணினிகளோடு ஒத்துப்போகும் இயந்திரங்களை ரோபோட்ரான் என்ற கிழக்கு ஜெர்மன் நிறுவனம் செய்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிக்கும் நகல் வந்தது.

தடை வேறு இடத்தில் இருந்தது. சில்லின் வரைபடம் கிடைத்தாலும் அதை வார்க்கும் இயந்திரம், தூய வேதிப்பொருள், தூசியில்லாத கூடம், பழகிய தொழிலாளர் எல்லாம் வேண்டும். அவற்றைப் பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. பத்துச் சில்லு வார்த்தால் எத்தனை தேறும் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. அங்கே தேறியது மிகக் குறைவு. 256 கிலோபிட் நினைவுச் சில்லு ஒன்றைச் செய்ய 500 மார்க்குக்கு மேல் ஆயிற்று. உலகச் சந்தையில் அது சில மார்க்குக்குக் கிடைத்தது. 1988 செப்டம்பரில் ஒரு மெகாபிட் சில்லின் மாதிரியைக் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கரிடம் விழா எடுத்துக் கொடுத்தார்கள். பெருமளவு உற்பத்தி நடக்கவே இல்லை. நகல் எடுப்பவர் முடிக்கும்போது அசல் செய்தவர் அடுத்த தலைமுறைக்குப் போயிருப்பார். அதைவிடப் பெரிய சேதம், சொந்தமாக வடிவமைக்கும் பொறியாளர்கள் பல ஆண்டுகள் பிறர் வரைபடத்தைப் பிரித்துப் பார்ப்பதிலேயே செலவழித்தது.

எய்ட்ஸ் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப்பட்டது என்ற வதந்தி இந்தியாவிலிருந்து கிளம்பியது என்கிறார்களே? (மருத்துவ மாணவி, சென்னை)

ஆமாம். 1983 ஜூலை 17-ம் தேதி டெல்லியில் வெளிவந்த 'பேட்ரியாட்' என்ற சோவியத் ஆதரவு நாளிதழில் பெயர் குறிப்பிடாத ஓர் அமெரிக்க விஞ்ஞானியின் கடிதம் என்று ஒன்று அச்சாகியது. வைத்தது சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி. அப்போது அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1985 அக்டோபரில் மாஸ்கோ வார இதழ் ஒன்று டெல்லிச் செய்தியை மேற்கோள் காட்டி மறுபடி எழுப்பியது. வேறொரு நாட்டுப் பத்திரிகையில் முதலில் அச்சிட்டு, பிறகு அதையே சான்றாகக் காட்டுவது இந்தத் தொழிலின் வழக்கமான உத்தி.

அடுத்து கிழக்கு பெர்லினில் ஓய்வுபெற்ற உயிர்இயற்பியல் பேராசிரியர் யாக்கோப் ஸேகல் அதற்கு அறிவியல் சாயம் பூசினார். அவருடைய கருத்து 1986-ல் ஹராரேயில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டில் பிரசுரமாகப் பரவியது. இதில் எச்.வி.ஏ.வின் பொய்ச்செய்திப் பிரிவான பத்தாம் துறையின் கை எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. சோவியத் தரப்பின் பங்கை 1992-ல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமாகோவே ஒப்புக்கொண்டார். எய்ட்ஸ் கிருமி மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிக் குரங்குகளிலிருந்து மனிதருக்கு வந்தது என்பது மரபணு ஆய்வில் உறுதியானது. இந்த வதந்தியை இப்போதும் பகிர்பவர்கள் உங்கள் கண்ணில் பட்டால் டெல்லிக் கடிதத்தின் தேதியைச் சொல்லுங்கள்.

கோப்புகளை அழித்துவிட்டார்கள் என்றால் பெயர்கள் வெளியே வந்தது எப்படி? (வாசகர், புதுச்சேரி)

1990 ஜனவரி 15-ல் மக்கள் ஸ்டாசி தலைமையகத்துக்குள் புகுந்தார்கள். மற்ற பிரிவுகளின் கோப்புகள் பெருமளவு காப்பாற்றப்பட்டன. எச்.வி.ஏ. மட்டும், வெளிநாட்டில் இருக்கும் ஆட்களின் உயிருக்கு ஆபத்து என்று வாதாடி, தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும் அனுமதியை அந்தப் பிப்ரவரியில், ஆட்சித்தரப்பும் எதிர்த்தரப்பும் சேர்ந்து அமர்ந்த வட்டமேசைக் குழுவிடமிருந்து பெற்றது. ஜூன் இறுதிவரை அவகாசம். ஏறக்குறைய எல்லாவற்றையும் அழித்தார்கள்.

மிஞ்சியது இரண்டு. முதலாவது, எச்.வி.ஏ.வின் ஆள் விவர அட்டைகளை முன்னெச்சரிக்கையாக 1988-ல் நுண்படமாக எடுத்துவைத்திருந்த பிரதி. அது அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் கைக்குப் போயிற்று. இரண்டாவது, வந்த அறிக்கைகளைப் பதிந்த 'சிரா' என்ற கணினித் தரவுத்தளத்தின் காந்த நாடாப் பிரதி. 1998 டிசம்பரில் அதைப் படிக்க வழி கண்டுபிடித்தார்கள்.

அட்டைகளைப் படிக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் தவறான குற்றச்சாட்டுகள் பிறந்தன. எஃப்-16 அட்டையில் ஒருவரின் உண்மைப் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஒரு பதிவெண். எஃப்-22 அட்டையில் அதே பதிவெண், புனைபெயர், பொறுப்பான அதிகாரியின் குறிப்பு. உண்மைப் பெயர் இருக்காது. இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் திருடியவருக்குப் பயனில்லை. பதிவெண் ரோமன் எண் பதினைந்தில் தொடங்கும், பிறகு வரிசை எண், கடைசியில் ஆண்டு. சிராவில் அறிக்கைகள் பதிவெண்ணோடு இருக்கும். ஆக, சிராவில் ஓர் அறிக்கையைப் பிடித்து, பதிவெண் வழியாக எஃப்-22-ல் புனைபெயரை உறுதி செய்து, எஃப்-16-ல் பெயரைத் தேட வேண்டும்.

ஒரே பதிவெண்ணில் எஃப்-16 அட்டைகள் பல இருக்கலாம். உளவாளி மட்டுமல்ல, அவருடைய மனைவி, அண்ணன், தன்னை அறியாமலே விசாரிக்கப்பட்ட நண்பர், கண்காணிக்கப்பட்டவர் எல்லோருக்கும் அட்டை போட்டிருப்பார்கள். எஃப்-22 அட்டைகள் 57,000 அளவில். எஃப்-16 அதைப்போல் பல மடங்கு. 'அட்டையில் பெயர் இருக்கிறது' என்பதை மட்டும் வைத்து ஒருவரை உளவாளி என்று எழுதுவது பெரும் தீங்கு. ஸ்டாசி மொத்தத்துக்கும் 1980-களின் கடைசியில் மேற்கு ஜெர்மனியில் இருந்த ரகசிய ஆட்கள் சுமார் 3,000 பேர்தான். அதில் ஏறத்தாழப் பாதி எச்.வி.ஏ.வுடையவர்கள்.

ரைனர் ருப்பின் வழக்கில் இந்த முறை வேலை செய்வதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1977 முதல் பிரஸ்ஸல்ஸில் நேட்டோ தலைமையகப் பொருளாதாரப் பிரிவில் இருந்தார், புனைபெயர் 'டோபாஸ்'. சோவியத் தலைமையிலான ராணுவ அணியான வார்சா ஒப்பந்த நாடுகளின் பலத்தைப் பற்றி நேட்டோ ஆண்டுதோறும் தயாரிக்கும் எம்.சி.-161 ஆவணம் அவர் வழியாகக் கிழக்கே போனது. எதிரி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது வரி வரியாகக் கையில். 1990-ல் மேற்கின் பக்கம் மாறிய எச்.வி.ஏ. ஆய்வாளர் ஒருவர் நேட்டோவுக்குள் 'டோபாஸ்' என்று ஓர் ஆள் உண்டு என்று சொன்னார். பெயர் தெரியவில்லை. 1993-ல் ஜெர்மன் அதிகாரிகள் அமெரிக்காவுக்குப் போய் அட்டைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க அனுமதி கிடைத்த பிறகுதான் பெயர் வந்தது. ஜூலை 31-ல் கைது, மறு ஆண்டு 12 ஆண்டு தண்டனை. நுண்படங்களின் ஜெர்மன் பகுதி 2000-க்கும் 2003-க்கும் இடையே 381 குறுந்தகடுகளாக ஜெர்மனிக்குத் திரும்பியது.

வோல்ஃபுக்கு என்ன தண்டனை கிடைத்தது? (வாசகர், வேலூர்)

1993 டிசம்பரில் தேசத்துரோகத்துக்காக ஆறு ஆண்டு விதித்தார்கள். தன் நாட்டு மண்ணிலிருந்து தன் நாட்டுக்காக வேலை செய்தவர் எப்படி இன்னொரு நாட்டுக்குத் துரோகியாக முடியும் என்பது அவர் தரப்பு வாதம். 1995 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம், கிழக்கிலிருந்து இயங்கிய அதிகாரிகளை உளவுக்காகத் தண்டிக்க இயலாது என்று தீர்ப்பளித்ததும் அந்தத் தண்டனை ரத்தாயிற்று. 1997-ல் ஆட்களைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்த பழைய வழக்குகளில் இரண்டு ஆண்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 2006 நவம்பர் 9-ல் இறந்தார்.

மேற்கு ஜெர்மானியர்களாக இருந்து அவருக்கு வேலை செய்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தவில்லை. சுவர் விழுந்த பிறகு அவர்களில் ஏறத்தாழ 250 பேர் தண்டிக்கப்பட்டார்கள். கட்டளையிட்டவர் வீட்டில் இருக்க, கட்டளையை ஏற்றவர் சிறைக்குப் போனார். சட்டப்படி தீர்ப்பு சரி. ஆனால் தன் ஆட்களைக் கடைசிவரை காப்பேன் என்று சொல்லி அவர்களைச் சேர்த்த அமைப்பு, தன் கோப்பின் நுண்படத்தைக்கூடக் காத்துவைக்கவில்லை. ருப்பும் மற்றவர்களும் பிடிபட்டது எதிரியின் திறமையைவிட இந்த அலட்சியத்தால்தான்.

இந்த ஆவணங்களைச் சாதாரண வாசகர் பார்க்க முடியுமா? (ஆய்வு மாணவர், திருச்சி)

முடியும். ஸ்டாசி ஆவணக் காப்பகம் 2021 ஜூன் முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பகுதி. தன்னைப் பற்றிய கோப்பு இருக்கிறதா என்று யாரும் விண்ணப்பித்துக் கேட்கலாம். ஆராய்ச்சியாளர்களும் பத்திரிகையாளர்களும் ஆய்வுத் தலைப்போடு தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மூன்றாம் நபர்களின் பெயர்களைக் கறுப்படித்துத்தான் தருவார்கள், காத்திருக்கும் காலமும் நீளம். எச்.வி.ஏ.வைப் பற்றித் தேடுபவர்கள் அதன் சொந்தக் கோப்புகளை எதிர்பார்க்கக் கூடாது. ஸ்டாசியின் மற்ற துறைகளுக்கு அது அனுப்பிய நகல்கள், கட்சித் தலைமைக்குப் போன அறிக்கைகள், சிராவின் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். விண்ணப்பத்தில் ஆளின் பெயரைவிடப் புனைபெயரும் பதிவெண்ணும் இருந்தால் தேடல் வேகமாக நடக்கும். ஜெர்மன் மொழி தெரிந்திருப்பது அவசியம்.